ஜிபி கணக்கும் அப்பாவின் சட்டைப்பையும்

கையில் போன் இருக்கும்போது பாட்டு கேட்கத் தனியாக ஒரு கருவி எதற்கு? அப்பாவுக்கு ஒரு மியூசிக் பிளேயர் வாங்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அலுவலக நண்பர் கேட்டார், மச்சான் கேட்டான், கடைசியில் விற்கிற கடைக்காரரே கேட்டார். அவரவர் அளவில் அவர்கள் கேட்பது சரிதான். மூன்று நான்கு நிமிட சினிமாப் பாட்டுகளை, டேட்டா இருக்கும் இடத்தில், சுத்தமான விரல்களோடு கேட்பவருக்குப் போனே போதும். ஆனால் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள் என்று அந்தக் கேள்வி முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது. எனக்கு உறுத்தியது அதுதான்.

அப்பா மும்பை தாராவியில் தோல்பை தைக்கிறவர். நாங்கள் டோம்பிவிலிக்கு வீடு மாறிய பிறகும் பட்டறையை விடவில்லை. காலையில் ஸ்லோ லோக்கலைப் பிடித்து (சயானில் ஃபாஸ்ட் வண்டி நிற்காது) இறங்கி நடந்து 90 அடி ரோட்டுக்குப் போகிறார். பகல் முழுக்க விரல்களில் சொல்யூஷன் ஒட்டியிருக்கும். தோலையும் லைனிங்கையும் சேர்க்கப் பூசுகிற அந்தப் பசை காய்ந்தால் விரல் நுனியில் ஒரு தோல் போலவே படிந்துவிடும். அந்த விரலால் போனின் தொடுதிரையைத் தொட்டால் பாதி நேரம் அது ஒத்துழைக்காது. பாட்டை மாற்ற ஒவ்வொரு முறையும் எழுந்து, விரலைச் சுரண்டி, கை துடைத்து வர முடியுமா? பட்டறை ஆளுக்கு நேரம்தானே கூலி. ரயிலிலோ வேறு தொல்லை. கதவோரம் நின்று போனை நீட்டிக்கொண்டு வந்தால், தண்டவாளத்து ஓரத்தில் கம்போடு நிற்கிறவன் கையில் அடித்து விழவைத்துவிடுவான். ஃபட்கா என்று இங்கே அதற்குப் பெயரே உண்டு. வங்கிக் கணக்கு, ஆதார், பேரப்பிள்ளைகளின் படம் எல்லாம் இருக்கிற ஒரு பொருளைப் பாட்டு மாற்றுவதற்காக வெளியே எடுத்துக்கொண்டே இருக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், அவர் கேட்பது வில்லுப்பாட்டு.

பாட்டுக் கணக்கும் மணிக் கணக்கும்

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோயில் கொடைவிழாவில் இரவு தொடங்கினால் கதை முடிய விடிந்துவிடும். அப்பாவிடம் ஏறக்குறைய 200 கேசட்டுகள் இருக்கின்றன, பெரும்பாலும் 90 நிமிடக் கேசட்டுகள். ஊருக்குப் போகும்போதெல்லாம் வாங்கியவை சில. கொடையில் மைக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துத் தானே பிடித்தவை பல. ஒவ்வொன்றின் முதுகிலும் பால்பாயிண்ட் பேனாவால் எண் போட்டிருப்பார். எந்த எண்ணில் எந்தக் கதை, எந்த ஊர், எந்த வருடம் என்பதற்குத் தனியாக ஒரு நோட்டு உண்டு. கேசட் கருவிகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொள்ள, உயிரோடிருந்த கடைசி டெக்கைக் கணினியோடு இணைத்து, ஆடாசிட்டி மென்பொருளில் ஒவ்வொன்றாக ஏற்றினேன். 90 நிமிடக் கேசட்டைப் பதிய 90 நிமிடம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. இரவில் ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடுவேன், மறு பக்கம் திருப்பிப் போட்டுவிட்டுப் படுப்பேன்.

ஏற்றி முடித்ததும்தான் பிளேயர் தேடத் தொடங்கினேன். அங்கேதான் முதல் குழப்பம். விளம்பரம் எதைப் பார்த்தாலும் ‘இத்தனை ஆயிரம் பாடல்கள்’ என்றே போட்டிருக்கிறது. இந்தப் பழக்கத்தைப் பரப்பியது ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட். 2001இல் வந்த முதல் ஐபாட் 5 ஜிபி, விலை 399 டாலர். ‘ஆயிரம் பாடல்கள் உங்கள் பையில்’ என்றுதான் விற்றார்கள். அந்த ஆயிரம் என்பது ஒரு பாட்டுக்கு நான்கு நிமிடம், நொடிக்கு 160 கிலோபிட் என்று வைத்துப் போட்ட கணக்கு. நிமிடமாக மாற்றினால் 4,000 நிமிடம், அப்பாவின் கேசட்டில் சொன்னால் 44. இரண்டு ஷூ பெட்டிகளில் அடங்குகிற கேசட்டுகள். இரவெல்லாம் நீளும் வில்லுப்பாட்டான முத்துப்பட்டன் கதையை ‘ஒரு பாட்டு’ என்று எப்படி எண்ணுவது?

ஆகவே மணிக்கணக்கில் போட்டுப் பார்த்தேன். இது யாருக்கும் பயன்படும், எளிதும்கூட. எம்பி3 கோப்பில் 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 58 எம்பி. 320 என்றால் 144 எம்பி. சிடி தரத்தில் சுருக்காமல் வைத்தால் 635 எம்பி. ஒலியை இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவம் பெரும்பாலும் அதில் பாதியிலிருந்து முக்கால்வரை வரும். 200 கேசட் என்றால் 300 மணி நேரம். அதாவது 128இல் 17 ஜிபிக்குச் சற்று மேல், 320இல் 43 ஜிபி, சுருக்காத சிடி தரத்தில் 190 ஜிபி. ஒரே அலமாரி, ஒரே குரல்கள். எப்படிச் சேமிக்கிறோம் என்பதைப் பொறுத்து 32 ஜிபி கார்டும் போதும், 256 ஜிபியும் தேவைப்படும். கடையில் நின்றுகொண்டு எத்தனை ஜிபி வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் வீட்டிலேயே முடிக்க வேண்டிய கணக்கு இது.

இதில் எனக்கு மாற்றிக்கொள்ள முடியாத ஒரு கருத்து உண்டு. சுருக்காத மூலப்பிரதி வீட்டில் இருக்க வேண்டும், இரண்டு ஹார்ட் டிஸ்க்கில். பையில் போகிற கருவியில் அதை வைக்கவே கூடாது. கூட்டத்தில் தொலையக்கூடிய, வியர்வையில் நனையக்கூடிய பொருள் அது. அதற்குச் சுருக்கிய பிரதி போதும். இந்த இரண்டையும் பிரித்துவிட்டாலே பிளேயரில் 256 ஜிபி, 512 ஜிபி என்று தேடுகிற ஏக்கம் போய்விடும்.

எவ்வளவு சுருக்குவது என்பதை அப்பா வேலை செய்கிற விதமே தீர்மானித்துவிட்டது. பட்டறையில் அவர் ஒரு காதில்தான் இயர்போன் மாட்டுவார். மறு காது முதலாளி கூப்பிடுவதற்கும், ஏணிக்குக் கீழே இருந்து வருகிற சத்தத்துக்கும். இடது வலது என்று பிரிந்த ஸ்டீரியோவை ஒரு காதில் கேட்டால் பாதி போய்விடும். கேசட்டில் இருப்பதோ ஒரே மைக்கில் பிடித்தது. ஆகவே எல்லாவற்றையும் மோனோவாக, அதாவது இரு பக்கமும் ஒரே ஒலியாக மாற்றி 128இல் வைத்தேன். மோனோவுக்கு அது தாராளம். பழைய டேப்பின் இரைச்சலைக் கருமித்தனமாகச் சுருக்கினால் பின்னணியில் தண்ணீர் சலசலப்பது போல ஒரு ஒலி வந்துவிடும். வில்லில் கட்டிய மணிகளின் கலகலப்பும் அதில் கரைந்துபோகும். அந்த மணிச்சத்தம் இல்லாமல் வில்லுப்பாட்டு என்ன வில்லுப்பாட்டு? இப்படி 17 ஜிபியில் அடங்கியது. 32 ஜிபி கார்டு முடிவாயிற்று.

அளவைத் தீர்மானிப்பது எது

சின்னதாக இருந்தால் கொள்ளளவு குறையும், கொள்ளளவு கூடினால் விலை ஏறும் என்றொரு எண்ணம் நம் எல்லோருக்கும் பதிந்திருக்கிறது. ஒரு காலத்தில் அது உண்மைதான். 1979இல் சோனி வாக்மேன் வந்தபோது கேசட்டைவிடச் சின்னதாக அதைச் செய்ய வழியில்லை. முதல் ஐபாடுக்குள் 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தத் தட்டின் அகலமே கருவியின் அகலம். 2005இல் வந்த ஐபாட் ஷஃபிள் விரலளவுக்குச் சுருங்கியது, ஆனால் தொடக்க மாடலில் 512 எம்பிதான், திரையும் இல்லை. அன்றைக்கு விலை, அளவு, கொள்ளளவு மூன்றும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன.

இன்றைக்கு அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. மைக்ரோ எஸ்டி கார்டு 15 மில்லிமீட்டர் நீளம், 11 அகலம், ஒரு மில்லிமீட்டர் தடிமன். 32 ஜிபி கார்டும் அதே அளவு, 512 ஜிபி கார்டும் அதே அளவு. ஆக, இப்போது ஒரு பிளேயர் பெரிதாக இருந்தால் அதற்குக் காரணம் பாட்டு அல்ல. திரை, பேட்டரி, பொத்தான்கள், சில விலை உயர்ந்த மாடல்களில் பெரிய ஹெட்போனை ஓட்டுகிற ஆம்ப்ளிஃபையர். ஆனால் விற்கிற முறை இன்னும் பழைய காலத்திலேயே இருக்கிறது. கார்டு போட இடமில்லாமல் 8 ஜிபி மாடல், 16 ஜிபி மாடல் என்று தனித்தனியாக விலை வைத்து விற்கிறார்கள். கார்டு போட இடம் இருக்கிற கருவிக்கு முதல் மதிப்பெண் கொடுக்கச் சொல்வேன். உள்ளேயே பூட்டிய நினைவகம் கருவியோடு போய்விடும். கருவி கெட்டாலும் கார்டைக் கழற்றி அடுத்ததில் போட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் எந்த அளவு நல்லது? இணையத்தில் சின்னதுதான் சிறந்தது என்று எழுதியிருந்ததையெல்லாம் படித்துவிட்டு, சட்டையில் குத்திக்கொள்கிற கிளிப் வகையை ஏறக்குறைய முடிவு செய்திருந்தேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு லேமிங்டன் ரோட்டுக்குப் போனேன். போகாமல் இணையத்திலேயே வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

கண்ணாடி மேசையில் மூன்று பெட்டிகள்

கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் வந்துவிடும். கணினி உதிரிப்பாகம், கேமரா, வயர், ஸ்பீக்கர் என்று கடை கடையாக நீள்கிற தெரு. மியூசிக் பிளேயர் இப்போது பல கடைகளில் கிடையாது. இருந்த ஒரு கடையில் கடைக்காரர் முதலில் இந்தியில் கேட்டது, “எத்தனை ஜிபி?” அப்பா என்னைப் பார்த்துத் தமிழில், “எத்தன ஜிபின்னு கேக்கான். என்ன கேப்பேன்னு கேக்கலயே?” என்றார். நான் சிரித்துவிட்டுக் கடந்துபோனேன், ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கண்ணாடி மேசையில் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று கிளிப் வகை, தீப்பெட்டியைவிடச் சின்னது, திரை இல்லை, ஆயிரத்துக்கும் குறைவு. இன்னொன்று கையகலம், சிறிய திரை, நிஜப் பொத்தான்கள், பக்கவாட்டில் ஒலியைக் கூட்டிக் குறைக்கத் தனி விசை, கார்டு போட இடம், விலை 4,000 ரூபாய்க்குக் கிட்டத்தில். மூன்றாவது பார்ப்பதற்குப் போனைப் போலவே முழுத் தொடுதிரை, ஆண்ட்ராய்டு, 20,000 ரூபாய்க்கு மேல். நான் மூன்றின் அட்டைப்பெட்டிகளையும் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா எதையும் படிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். வெளியே இருந்து, துணிக்கு மேலாகவே, கட்டைவிரலால் தடவி நிறுத்துகிற பொத்தானைத் தேடினார். கண் என் பக்கம் இருந்தது, விரல் மட்டும் தேடிக்கொண்டிருந்தது.

கிளிப் வகையில் பொத்தான்கள் நெருக்கமாக இருந்ததால் நிறுத்தப் போய் அடுத்த பாட்டுக்குத் தாவியது. தொடுதிரையில் துணிக்கு மேலாக எதுவும் நடக்கவில்லை, நடக்கவும் கூடாது. நடுவில் இருந்ததில் ஒரே தடவையில் விரல் போய் நின்றது. பொத்தானின் நடுவே ஒரு சின்னப் புடைப்பு இருந்தது, தையல் ஊசி பழகிய விரலுக்கு அது போதும். உடனே வாங்கிவிடலாம் என்று நான் பர்ஸை எடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

“ஏல, நிப்பாட்டுன எடத்துலருந்து திரும்பப் பாடுமா?”

எனக்குத் தோன்றாத கேள்வி. கேசட்டில் பாட்டை நிறுத்தினால் நாடா அந்த இடத்திலேயே நிற்கும். நாளைக்குப் போட்டாலும் அடுத்த சொல்லிலிருந்து தொடங்கும். ஆறு மணி நேரக் கதை கேட்கிறவருக்கு அது இல்லாமல் முடியாது. சயானில் இறங்கும்போது நிறுத்தினால் பட்டறை ஏணி ஏறியதும் அங்கிருந்தே வர வேண்டும். கடைக்காரர் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார். என் கார்டைப் போட்டு, ஒரு கதையை நடுவில் ஓடவிட்டு, முழுக்க அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தோம். கிளிப் வகை கார்டிலுள்ள முதல் கோப்பின் முதல் நொடிக்குப் போய்விட்டது. நடுவில் இருந்தது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கடைக்கு நடுவில் வில்லுப்பாட்டுக் குடத்தின் சத்தம் தொம்மென்று கேட்டதும் பக்கத்தில் வயர் வாங்க நின்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

இந்த அம்சம் எந்த அட்டைப்பெட்டியிலும் எழுதியிருக்கவில்லை. ஜிபி பெரிய எழுத்தில் இருந்தது, எடை இருந்தது, நிறம் இருந்தது. அப்பா எதற்காக அந்தக் கருவியைத் தினமும் தூக்கிக்கொண்டு போகப்போகிறாரோ, அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

காசு எதற்குப் போகிறது

விலையைப் பற்றி எனக்கு இப்போது தெளிவாக ஒரு எண்ணம் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க் கருவிக்கும் 4,000 ரூபாய்க் கருவிக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி மென்பொருளின் பக்குவம். விட்ட இடத்தை நினைவில் வைப்பது, ஃபோல்டர் ஃபோல்டராகக் காட்டுவது, இரண்டு கோப்புகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஓட்டுவது, இதெல்லாம் அதில்தான் வருகிறது. 4,000க்கும் 20,000க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் திரையும், ஒலிச் சிப்பும், வயர்லெஸ் வசதிகளும். நல்ல ஸ்டுடியோப் பதிவுகளை நல்ல ஹெட்போனில் கேட்கிறவருக்கு அந்தப் பணம் வீணில்லை. என் நண்பர் ஒருவர் அப்படிக் கேட்கிறவர், அவருடைய கருவியில் கேட்டபோது வித்தியாசம் எனக்கும் தெரிந்தது. ஆனால் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரே மைக்கில் பதிந்த கேசட்டில் இல்லாத ஒலியை எந்தச் சிப்பும் கொண்டுவந்துவிடாது.

கார்டு வாங்கும்போது மட்டும் விலை மலிவாக இருந்தால் பயப்பட வேண்டும். நடைபாதையில் உறவினர் ஒருவர் வாங்கிய 128 ஜிபி கார்டில் முதல் சில ஜிபிக்குப் பிறகு போட்டதெல்லாம் வெற்றுக் கோப்புகளாக இருந்தன. உள்ளே இருப்பது சிறிய சிப், கணினியிடம் மட்டும் 128 என்று பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச நிரல்கள் கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். கார்டு வாங்கியதும் அதை ஓட்டாமல் ஒரு கோப்பைக்கூட நான் போடுவதில்லை. 32 ஜிபி கார்டைக் கணினி 29.8 என்று காட்டினால் அது ஏமாற்று வேலை இல்லை, ஆயிரத்தால் எண்ணுவதற்கும் 1,024ஆல் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம். இன்னொன்று, 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரையிலான கார்டுகள் எஸ்டிஹெச்சி வகை, கோப்புகளை அடுக்கிவைக்கிற ஃபேட்32 என்ற முறையில் வரும். எளிய கருவிகள் அதைத் தடையில்லாமல் படிக்கும். அதற்கு மேலே எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறை. வாங்குகிற கருவிக்கு அது புரியுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வந்து எல்லாக் கோப்புகளையும் ஏற்றியதும் திரையில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. 4,000 ரூபாய்க்கு வாங்குகிற ஒரு பொருளில், இத்தனை கோடிப் பேர் படிக்கிற எழுத்து தெரியவில்லை என்பது எனக்குக் கோபம்தான். ஆங்கில எழுத்தில் பெயர் மாற்றலாமா என்று யோசித்தேன். அப்பாவுக்கு அது வசதிப்படாது. அவரோ அலட்டிக்கொள்ளாமல் நோட்டை எடுத்து வந்தார். கேசட் முதுகில் இருந்த எண்ணையே ஃபோல்டருக்குப் பெயராக வைத்தோம். 001, 002 என்று முன்னால் பூஜ்யம் சேர்த்து, இல்லாவிட்டால் 1க்குப் பிறகு 10 வந்து நிற்கும். சில கருவிகள் பெயர் வரிசையைப் பார்க்காமல், கார்டில் எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டதோ அந்த வரிசையில் ஓட்டும். அதனால் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை பிசகாமல் நகலெடுத்தேன். இப்போது 87 வேண்டும் என்றால் நோட்டைப் பார்த்துவிட்டு 87க்குப் போகிறார். பல கதைகளுக்கு நோட்டும் தேவைப்படுவதில்லை.

இந்தத் தகவல் ஊரில் அத்தைக்குப் போய்விட்டது. அவளிடமும் கேசட்டுகள் இருக்கின்றன, அம்மன் கோயில் கொடையில் பிடித்தவை, அப்பாவிடம் இல்லாத கதைகள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன் என்றாள். கார்டில் இன்னும் 14 ஜிபிக்கு மேல் இடம் இருக்கிறது, அதாவது நூற்றைம்பதுக்கும் அதிகமான கேசட்டுகள். அப்பா கணக்குப் போட்டுச் சொன்னதும் அத்தை, “அப்பம் எனக்கும் ஒண்ணு வாங்கி அனுப்பு” என்றாள். இதே மாடலை வாங்கிவிடலாம் என்று கார்டு விலையெல்லாம் பார்த்துவிட்டேன். அப்புறம் போனில் கேட்டேன், காதில் மாட்டிக்கொண்டு கேட்பியா அத்தை என்று.

“காதுல மாட்டவா? நா பீடி சுத்தும்போது நாலஞ்சு பேருல்லா கூட இருப்போம். எல்லாருக்கும் கேக்கணும்டே.”

அப்படியானால் ஸ்பீக்கர் உள்ள பெட்டி வேண்டும், பையில் அடங்க வேண்டியதில்லை, ஆனால் மின்சாரம் இல்லாத மதியத்திலும் ஓட வேண்டும். விட்ட இடத்தில் தொடர்கிற ஸ்பீக்கர் பெட்டி எது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் மாடல் பெயரோடு சொல்லுங்கள். கார்டு போட இடம் கட்டாயம் இருக்க வேண்டும்.